கட்டி தூங்குகிறது

"மெதுவா பேசு. கட்டி முழிச்சுக்கும்."

"முழிச்சா முழிக்கட்டும் அண்ணி, அதுக்குக் காது எங்க இருக்குன்னு—"

"உனக்கு எல்லாமே விளையாட்டு. நெஞ்சொலியார் என்ன சொன்னாருன்னா—"

"அவர் சொல்லித்தானே எங்க அண்ணனை ஊமையாக்கி வச்சிருக்கீங்க."

அண்ணியும் நாத்தனாரும் போட்ட இந்தச் சண்டை முழுக்கக் கிசுகிசுப்பிலேயே நடந்தது. நெஞ்சைக் கேட்டே வைத்தியம் பார்க்கும் நெஞ்சொலியாரின் கூடத்தில் அதுதான் சட்டம். நெஞ்சுக்குள் கட்டி இருப்பவர்கள், இருக்குமோ என்று பயந்தவர்கள், பக்கத்து வீட்டார் வருகிறார்களே என்று கூட வந்தவர்கள் எனக் கூட்டம் வழிந்தது, சத்தம்தான் இல்லை. இருமல் வந்தவர் தெருவுக்கு ஓடி இருமிவிட்டு, தப்பு செய்த முகத்தோடு திரும்பினார்.

இருவருக்கும் நடுவில் வாய்மூடி உட்கார்ந்திருந்தவர் மீன் சந்தை ஏலக்காரர். ஒருத்திக்குக் கணவர், இன்னொருத்திக்கு அண்ணன். அவர் வாய் திறந்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும். இப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். திங்கட்கிழமைக்குள் குரல் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சந்தையில் சொல்லிவிட்டார்கள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

முதுகுவலிக்கு எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி தெரிந்தது. வழவழப்பான விளிம்பு, உள்ளே கொழுப்பு, சோளப்பொரி போல் சுண்ணாம்புப் புள்ளிகள். அபூர்வமானது, ஆனால் சாது, வெட்ட வேண்டாம், சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்து வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்போம் என்றார் டாக்டர். ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் தங்கைக்கு நிம்மதி. மனைவிக்கோ ஆத்திரம். ஒரு மாத்திரைகூட எழுதாதவர் என்ன டாக்டர்?

நெஞ்சொலியார் அப்படி வெறுங்கையோடு அனுப்புகிறவர் அல்லர். பித்தளைக் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். கட்டி தூங்குகிறது, பேச்சுச் சத்தம் கேட்டால் எழுந்து வளரும் என்றார். ஸ்கேன் எந்திரத்தின் இரைச்சலும் ஆகாதாம். அதனால் அடுத்த படமும் கூடாது. அதன்பின் வரும்போதெல்லாம் "வளரவில்லை" என்று அறிவித்தார். தானாகவே சும்மா கிடப்பதைத் தடுத்து நிறுத்துவதைப் போல வசதியான தொழில் வேறு உண்டா?

தங்கை கடைசியாக ஒன்று கேட்டாள். "கட்டி இல்லாத நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னு அவர் சரியா சொல்லிட்டார்னா, நானும் இன்னிலேருந்து வாயத் திறக்கல. சம்மதமா?"

அந்தப் பரிசுக்காகவே அண்ணி சம்மதித்தாள்.

வேலை சுலபமாக முடிந்தது. வெளிச்சம் பட்டாலும் கட்டி விழிக்குமாம். அதனால் ஒவ்வொருவரையும் பெஞ்சில் படுக்கவைத்து, தலைமுதல் கால்வரை கறுப்புத் துணியால் மூடுவார்கள். ஏலக்காரருக்கு ஒதுக்கிய பெஞ்சில் நெஞ்சொலியாரின் டிரைவர் மல்லாந்து லேசான குறட்டையோடு உறங்கிக்கொண்டிருந்தார். தங்கை துணியை அவர் முகத்துக்கு மேல் இழுத்துவிட்டாள். அண்ணனைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

நெஞ்சொலியார் வந்தார். குழாயை வைத்தார். கண்ணை மூடினார். முகம் இருண்டது.

"பேசியிருக்கான். கட்டி முழிச்சு உறுமுது. இன்னும் மூணு மாசம் வாயே திறக்கக் கூடாது."

உறுமல் சட்டென்று நின்றது. துணி விலகியது.

"வண்டிய எடுக்கணுமாங்கய்யா?" என்றார் டிரைவர்.

நெஞ்சொலியார் கொஞ்சமும் அசரவில்லை. கட்டி ஒரு நெஞ்சிலிருந்து இன்னொரு நெஞ்சுக்குத் தாவிவிட்டது, பொல்லாத கட்டி என்றார். கூட்டத்தில் பாதித் தலைகள் ஆமாம் என்று ஆடின. ஆனால் டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். பிள்ளைகுட்டிக்காரன் நான், எனக்கா கட்டி என்று முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நெஞ்சொலியார் குனிந்து அவர் காதோரம் கிசுகிசுத்தார். "சும்மா இருடா. உனக்கு ஒரு கட்டியும் இல்ல. எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

ஒரு கூட்டத்தையே கிசுகிசுக்கப் பழக்கினால், அது கிசுகிசுப்பைக் கேட்கவும் பழகிவிடும். கடைசி வரிசைவரை எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

ஆடிய தலைகள் நின்றன. யாரோ தெருவுக்கு ஓடாமல் உட்கார்ந்த இடத்திலேயே இருமினார். நெஞ்சொலியார் வாசலைப் பார்த்து நடந்தார், நடை ஓட்டமானது. குழாய் பெஞ்சிலேயே கிடந்தது.

அண்ணி நாத்தனாரைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தாள். "படம் எடுக்க எப்ப வரச் சொன்னாங்க?" என்று சாதாரணக் குரலில் கேட்டாள்.

ஏலக்காரர் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார். குழாயை எடுத்துக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினார். தொண்டையைச் செருமினார். கூடத்தின் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன.

"அசல் பித்தளைக் குழாய்! யோசிக்கத் தெரிஞ்சவங்களுக்கு உதவாது, மத்தவங்க கேக்கலாம்! ஒரு தரம்... ரெண்டு தரம்..."