ரங்கசாமிக்கு நான் கொடுத்த புற்றுநோய்

படித்தவன் செய்யும் பிழை மிகத் திருத்தமாக இருக்கும் என்பது என் அனுபவம். புள்ளியியலில் முதுகலை முடித்து, முதல் வகுப்புத் தேர்ச்சியை முகத்திலேயே ஒட்டிக்கொண்டு திரிந்த வயதில், குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் சேர்ந்தேன். வீடு திரும்பும் நோயாளியின் அறிக்கையில் நோயின் பெயரையும், உலகம் முழுவதும் அந்நோய்க்கு வழங்கும் குறியீட்டையும் எழுதுவது என் வேலை. குறியீடுகளை மனப்பாடம் செய்துவிட்டேன். (யாரும் செய்யச் சொல்லவில்லை.)

திசுப் பரிசோதனை முடிவு கோயம்புத்தூரிலிருந்து வரும்வரை கோப்பைத் தனித்தட்டில் வைத்திருப்பது அங்கே வழக்கம். நிரம்பி வழிந்த அந்தத் தட்டு எனக்குச் சோம்பலின் நினைவுச்சின்னமாகத் தெரிந்தது. ஒரு பிற்பகலில் அதைக் காலி செய்யத் துணிந்தேன்.

அதில் பக்கத்து ஜெகதளா கிராமத்து ரங்கசாமியின் கோப்பு இருந்தது. சிறு தேயிலைத் தோட்டக்காரர். வயிற்று வலியோடு வந்து சில நாள் படுத்திருந்தவர். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண் என்றும், புற்றுநோயா என்று பார்க்கத் திசு அனுப்பியிருப்பதாகவும் டாக்டரம்மா எழுதியிருந்தார். முடிவு தெரியுமுன் எழுதுவதானால் புண்ணுக்குரிய குறியீட்டை மட்டுமே இட வேண்டும் என்பது விதி. நானோ இரைப்பைப் புற்றுநோய்க்குரிய சி 16-ஐ எழுதி, அதோடு நில்லாமல் கீழ்ப்பகுதிக்கென்றே உள்ள புள்ளி மூன்றையும் சேர்த்தேன். இல்லாத நோய்க்கு இவ்வளவு துல்லியமாக முகவரி எழுதியவர் வேறு எவரும் இருக்க முடியாது.

அறிக்கையை வாங்கிப்போன ரங்கசாமியின் மருமகன் ஊட்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தவர். நோயின் பெயர் அவருக்குப் புரிந்துவிட்டது.

பச்சைத் தேயிலையின் விலை விழுந்து, பறிக்கும் கூலிக்கே கட்டுப்படியாகாத காலம் அது. அப்போதும் தோட்டத்தை விற்க மாட்டேன் என்றிருந்த ரங்கசாமி, தனக்குப் பின் மனைவி ருக்மணி தனியாக அதோடு மல்லாட வேண்டாம் என்று விற்க ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. வியாழக்கிழமை காலை அறிக்கையோடு என் மேசை முன் வந்து நின்றார். கூடவே மனைவியும், தோட்டத்தை வாங்கவிருந்தவரும்.

"ஏனுங்க, இன்னும் எத்தன நாளைக்குத் தாங்குமுங்க?" என்றார் ரங்கசாமி.

"அதை டாக்டர்தான் சொல்லணும்" என்றேன், குரலில் கனத்தை வரவழைத்துக்கொண்டு.

வாங்கவிருந்தவர் முன்னால் வந்தார். "வியாதி நெசந்தானுங்களா? தேயில இருக்கற இருப்புல, சாக்குச் சொல்லித் தோட்டத்தத் தலைல கட்டறவங்க நெறையப் பேருங்க."

"குறியீடே போட்டிருக்கிறேன்" என்று உறுதியளித்தேன். (விற்பனைக்குச் சாட்சிக் கையெழுத்தும் கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.)

அப்போது கோயம்புத்தூரிலிருந்து வந்த உறையோடு டாக்டரம்மா உள்ளே நுழைந்தார். மேசை மேலிருந்த அறிக்கையை எடுத்துப் படித்தார்.

"இவருக்குக் கேன்சர்னு யார் எழுதினது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன்.

"வெறும் புண்ணுதான், ரங்கசாமி. மருந்துல ஆறிடும். வெறும் வயித்துல டீ மட்டும் குடிக்காதீங்க."

ரங்கசாமி டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "வித்தா வெலயில்ல, குடிக்கவும் கூடாதுன்னா, அந்தத் தேயிலைய வெச்சுட்டு நான் என்னங்க பண்றது?"

ருக்மணியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து அவர் எப்படி இருந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"அப்ப நாளைக்குப் பதிவுங்க?" என்றார் வாங்கவிருந்தவர்.

"சாகப்போறவன்தானுங்க விக்கறேன்னு சொன்னான். நான் எதுக்குங்க விக்கோணும்?"

அந்த அறையிலிருந்து அன்று துக்கத்தோடு வெளியேறியவர் தோட்டம் வாங்க வந்தவர் ஒருவரே.

மறுநாள் மன்னிப்புக் கேட்க ஜெகதளாவுக்குப் போனேன். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். பிறகு போவதற்குக் காரணம் தேவைப்படவில்லை. தேயிலை விலை ஏறியது, மறுபடி இறங்கியது; ரங்கசாமி தோட்டத்தை விடவில்லை, என்னையும் விடவில்லை. கல்யாணமோ காதுகுத்தோ, புதிதாக ஒருவர் வந்துவிட்டால் என் தோளில் கைபோட்டு, "எனக்குக் கேன்சர் குடுத்தவருங்க" என்று அறிமுகம் செய்வார். நான் வணக்கம் சொல்வேன்.

சென்ற மாதம் அவர் காலமானார். இதயம் நின்றுவிட்டது. அதற்கும் குறியீடு உண்டு, எனக்குத் தெரியும்.

கருமாதியன்று கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கோபி ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், நான் யார் என்று ருக்மணியம்மாவிடம் விசாரித்தார்.

"இவருதானுங்க நம்மூட்டுக்காரருக்குக் கேன்சர் குடுத்தவரு" என்றார் அவர். "காப்பி குடுங்க, பாவம், காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வேறொருவர் வாயிலிருந்து அந்த அறிமுகத்தைக் கேட்டது அதுவே முதல் முறை. நான் எழுந்து வணக்கம் சொன்னேன்.