ஏரியை வரையச் சொன்னது யாரு?

கொரோனா நேரம். அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஏரிக்கரையில இருக்குற எங்க தோணிரேவு ஊர்ல, எங்க தெருப் பெருசுங்க பத்து பேருக்குப் பாட்டு போட்டு, படம் வரைய வச்சு, அவங்க சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும்.

"ஆறு மணிக்குள்ள போட்டோ வரலைன்னா உங்க ஊர்ல இந்த முதியோர் திட்டத்தையே நிறுத்திடுவோம்"னு மெட்ராஸ் ஆபீஸ் மேடம் சொல்லிட்டாங்க. திட்டம் நின்னா என் வேலை காலி. வீட்ல சம்பளம் வாங்குறதே நான் ஒருத்திதான்!

வலை பின்னுற கொட்டாயில ஆறடிக்கு ஒருத்தரா உக்கார வச்சேன். மனசுக்கு இதமா இருக்கட்டும்னு ஸ்பீக்கர்ல புல்லாங்குழல் போட்டேன்.

அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க!

"இன்னாம்மா, எந்தத் தலைவர் பூட்டாரு?"ன்னாரு எல்லப்பன் பெரியப்பா. டிவியில நாள் பூரா அப்படி வாசிச்சா அவங்களுக்கு வேற இன்னா அர்த்தம்?

ஸ்பீக்கரை அமுக்கிட்டு, பெரிய சார்ட் பேப்பரைக் கயித்துல கட்டினேன்.

"இன்னாத்த வரையிறது?"

"நம்ம ஏரியத்தான்!"

என் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க!

எல்லப்பன் பெரியப்பாதான் மொதல்ல போனாரு. நீலக் கலர்ல ஏரி, நடுவுல மணல் திட்டு. நெசமாவே அழகா இருந்துச்சு. அப்புறம் ஏரிக்குக் குறுக்கால சேப்புக் கலர்ல ஒரு கோடு இழுத்தாரு.

"டேய்!"னு ஒரு சத்தம். யாருன்னு பாத்தா எங்க நைனா!

"எங்க பாட்டுல கோடு போட இவன் யாரு?"

பாடுன்னா, ஏரியில யாரு எங்க வலை கட்டுறதுன்னு ஊர் கூடிப் பிரிச்சு வச்ச எடம். அந்தப் பாட்டுல புடிச்ச எறாவைத் தின்னுதான் நான் வளந்தேன். அப்படியும் ஏரிய வரையுங்கன்னு சொன்னேன் பாருங்க, என் புத்திய இன்னான்னு சொல்ல!

நைனா மாஸ்க்கைக் கயட்டி, அதாலயே கோட்டைத் தேச்சாரு. பெரியப்பா திரும்பப் போட்டாரு.

"ஏரிக்கரையில டச்சுக்காரன் கோட்டை கட்டுறதுக்கு முன்னாடியே இது எங்களுதுடா!"ன்னாரு.

"நீ பாத்தியா?"

"நீ பாத்தியா?"

"நைனா, வெறும் படம் நைனா!"ன்னு கெஞ்சினேன்.

"இன்னிக்குப் படம்பான். நாளைக்கு இதைக் காட்டியே வலை கட்டுவான். நீ சும்மா இரு!"

சத்தம் கேட்டு ஊர்த் தலைவர் வந்துட்டாரு. "ஏரிக்கு மேப்பு போடச் சொல்லி உனக்கு யாரும்மா உத்தரவு குடுத்தது?"ன்னு கேட்டவரு, கலர் டப்பாவைப் பிடுங்கிக்கினாரு. சாட்சியாம்! பேப்பரையும் கேட்டாரு.

குடுப்பாங்களா? ஒரு முனையில நைனா, இன்னொரு முனையில மாஸ்க் கீழ எறங்கின பெரியப்பா. ரெண்டு பேரும் பல்லெல்லாம் தெரியக் கடிச்சிக்கினு இழுக்குறாங்க. மணி ஆறாவ அஞ்சு நிமிஷம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. வேற வழியில்லாம அதையே போட்டோ புடிச்சு அனுப்பிட்டேன்.

உடனே மேடம்கிட்டருந்து பதில்: "சூப்பர்மா! ரெண்டு பேர் முகத்துலயும் என்னா சிரிப்பு! அடுத்த வாரம் பக்கத்து ஊரையும் சேர்த்து, ஒரே பேப்பர்ல வரைய வை."

எனக்குக் காய்ச்சல்னு மெசேஜ் போட்டுட்டு, பதினாலு நாள் கதவைச் சாத்திக்கினேன்.