பூனைக்குட்டிப் படம் பார்த்துக் கட்டிய கரண்ட் பில்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே உன் மாமாவின் முதுகைத் தவிர மற்ற எல்லாம் நலம். அங்கேயும் ஏதாவது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். எல்லாமே நலம் என்று யாராவது எழுதினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ எதையும் கடைசிவரை படிப்பவன் இல்லை. எனக்காக என்று மாதாமாதம் நீ கட்டிவரும் கரண்ட் பில் என்னுடையது அல்ல, கீழ்வீட்டுக்காரருடையது. ஆனால் அதை நிறுத்தாதே. எண்ணை மாற்றாதே. இதுகுறித்து எந்த அலுவலகத்தையும் கூப்பிட்டுப் பேசாதே. நிறுத்தினால் ஒரு மனிதரின் நிம்மதி போய்விடும். எப்படி என்பதுதான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன்னிடம் ஒரு விஷயம் சொல்வதற்குள் நீ சொல்லும் நாலு விஷயத்தைக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

என் பிறந்தநாளன்று "அக்கா, இனிமே கரண்ட் பில்லைப் பத்தி நீ கவலையே படாத, ஆயுசுக்கும் நான் பாத்துக்கறேன்" என்று நீ செய்தி அனுப்பியபோதே எனக்கு உறுத்தியது. நான் கவலைப்பட்டதாக யாரிடமும் சொன்னதில்லை. இணைப்பு எண் கேட்டாய், தரமாட்டேன் என்றேன். தராத எண்ணுக்கு எப்படிக் கட்டுகிறாய் என்று கேட்டதற்கு "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாய். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். சான்று இல்லாமல் எதையும் நம்பாதீர்கள் என்று வகுப்புக்கு வகுப்பு சொல்கிறவள், சொந்தத் தம்பி என்றதும் ஒரு ரசீதுகூடக் கேட்காமல் நான் கட்டுவதை நிறுத்திவிட்டேன். துருவித் துருவிக் கேட்டால் உன் முகம் சுண்டிப்போகும் என்று நினைத்தேன். சுண்டினால் சுண்டட்டும் என்று கேட்டிருந்தால் எங்கள் வீடு இருண்டிருக்காது.

லைன்மேன் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. வாஷிங் மெஷினில் துணி சுற்றிக்கொண்டிருந்தது. "மேடம், பில் கட்டலை, கட் பண்றேன்" என்றார், பால்காரர் பால் என்று சொல்கிற அதே குரலில். வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி மாதாமாதம் கட்டிவிடுகிறாரே என்று மிகக் கண்ணியமாகச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எல்லா வீட்லயும் ஒரு தம்பி கட்டிட்டுத்தான் இருக்காரு மேடம். கடைசில ஃபியூஸ் கட்டை என் பைக்குத்தான் வந்து சேருது" என்று சொல்லி, உருவியதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மெஷின் பாதியில் நின்றது. அதன் கதவும் திறக்கவில்லை. உன் மாமாவின் சட்டைகள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் நுரையில் மிதக்க, அவர் பனியனோடு அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "உன் தம்பி நல்ல பையன்தான், ஆனா நல்லது பண்ணும்போது மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கணும்" என்றார். பாக்கியும் அபராதமும் நானே போய்க் கட்டினேன். சாயங்காலம் விளக்கு எரிந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் உன் பணம் எந்தக் குழிக்குள் போகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. உனக்குத் தெரியாமல் உன் மனைவியிடம் சொல்லி, நீ பணம் கட்டிய விவரத்தை வாங்கினேன். (அவளைத் திட்டாதே. அவளுக்கும் உன்மேல் சந்தேகம் இருந்திருக்கிறது.) அதை வைத்துக்கொண்டு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பெண்குரல், பில் என்றால் ஒன்று, மின்தடை என்றால் இரண்டு என்றது. பில்லால் வந்த மின்தடை, அதுவும் தம்பியால் வந்தது என்றால் எதை அழுத்துவது என்று சொல்லவில்லை. ஒன்றை அழுத்தினேன். பாட்டு வந்தது. நடுநடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்றார்கள். முக்கியமானவர்களை இப்படி வாசலிலேயே நிறுத்தி வைப்பவர்கள் முக்கியமில்லாதவர்களை என்ன செய்வார்களோ. போனை மேசையில் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்தினேன். ஒரு கட்டு முடிந்தது. உன் மாமா அதற்குள் அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். "நல்லாத்தான் இருக்கு. நடுவுல அந்தம்மா பேசாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்." ஒருவழியாக ஆள் கிடைத்தபோது "அடடா, எடுத்துட்டாங்களா" என்று அவருக்கு ஒரே வருத்தம்.

எடுத்தவள் சின்னப் பெண். விவரத்தைச் சொன்னதும் தேடிப்பார்த்து, "பேமெண்ட் வந்திருக்கு மேம். ஆனா உங்க கனெக்‌ஷனுக்கு இல்ல" என்றாள்.

"பின்னே யாருக்கு?"

"அது வேற கஸ்டமரோட தகவல் மேம். சொல்லக் கூடாது."

"நானும் கஸ்டமர்தானேம்மா?"

"கஸ்டமர்தான் மேம். ஆனா அந்தக் கஸ்டமர் நீங்க இல்லையே."

ஆனாலும் நல்ல பெண். புகார் பதிந்துகொண்டு, விசாரித்ததும் அந்த ஆளுக்கு "இது உங்களுக்குத் தவறுதலாக வந்த பணம், திருப்பி எடுக்கிறோம்" என்று செய்தி போய்விடும் என்றாள். வைக்கும்போது போனால் போகிறது என்று, "உங்க நம்பருக்கும் அதுக்கும் கடைசி இலக்கம்தான் மேம் வித்தியாசம்" என்று ஒரு துப்பும் கொடுத்தாள். நல்லா இரும்மா என்று வாழ்த்திவிட்டுப் படியிறங்கி மீட்டர் பெட்டியைப் பார்த்தேன். அங்கே நின்றபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

மீட்டர் பெட்டிமேல் பூனை குட்டி போட்டபோது உனக்கு ஒரு படம் அனுப்பினேன், ஞாபகம் இருக்கிறதா. "ஐயோ அக்கா, எவ்ளோ அழகு" என்று பதில் போட்டாய். அழகை ரசித்த கையோடு படத்தைப் பெரிதாக்கி, குட்டியின் வாலுக்குக் கீழே ஒட்டியிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டிருக்கிறாய். அந்த வால் தொங்கியது கீழ்வீட்டு மீட்டர்மேல். என் மீட்டர்மேல் தாய்ப்பூனை உட்கார்ந்திருந்தது. அன்பைக்கூடத் திருட்டுத்தனமாகத்தான் செய்ய வேண்டும் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியவில்லை.

கீழ்வீட்டுக்காரரை நீ பார்த்ததில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பிரேக் மாஸ்டர் என்றுதான் இந்தக் கட்டடத்தில் எல்லோரும் சொல்வார்கள். தெருவில் யார் வண்டியைப் பின்னால் எடுத்தாலும் ஜன்னலோரம் நிற்கும் இவருடைய கால் தரையை அழுத்தும். மனைவி இல்லை. ஒரே மகன், வேறு ஊரில். சில வருடங்களுக்கு முன் மகன் கார் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வழிநெடுகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார். அவன் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, சாவியை இவர் மடியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிப் போனவன்தான். "நான் என்ன சொன்னேன்? இண்டிகேட்டர் போடுன்னு சொன்னேன், அது ஒரு குத்தமா?" என்று இவர் இன்றைக்கும் காய்கறிக்காரர் வரை எல்லோரிடமும் நியாயம் கேட்கிறார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்கும் அவருக்கும் படிக்கட்டில் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அதற்குமேல் நான் யாரிடமும் போவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

"மன்னிக்கணும், ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு" என்ற வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அவர் கதவைத் தட்டினேன். அவர் திறந்த வேகத்திலேயே, "வாங்க டீச்சரம்மா, நானே யார்கிட்டயாவது சொல்லணும்னு துடிச்சிட்டிருந்தேன். பையன் எனக்குக் கரண்ட் பில் கட்டறான்" என்றார்.

"அவர் சொன்னாரா?"

"அவன் எங்க சொல்லுவான்? நான் கட்டப் போனா, கட்டியாச்சுன்னு வருது. அடுத்த மாசமும் கட்டியாச்சு. எனக்குக் கட்டறதுக்கு வேற யாரு இருக்கா? ரோஷக்காரன், வாயைத் திறக்கமாட்டான். இப்படித்தான் செய்வான்." போனை எடுத்துக் கம்பெனியிலிருந்து வந்த செய்தியைக் காட்டினார். கட்டணம் கிடைத்தது, நன்றி என்று இருந்தது. "பாருங்க, நன்றின்னு வேற போட்டிருக்கான். பெத்த அப்பனுக்கு எதுக்குங்க நன்றி?"

அறை புழுக்கமாக இருந்தது. மின்விசிறி மனசில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நான் மேலே பார்த்ததைக் கவனித்து, "ஒண்ணுலதான் வெச்சிருக்கேன். முன்ன மாதிரி அஞ்சுல வைக்கறதில்ல. பையன் காசு பாருங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன்டா. தயார் செய்து வைத்த வாக்கியம் வரவில்லை. "ரொம்ப சந்தோஷங்க" என்று வந்தது. டீ கொடுத்தார், குடித்தேன். மாடிப்படியில் பாதி ஏறும்போதுதான் நான் பதிந்த புகார் நினைவுக்கு வந்தது. தவறுதலாக வந்த பணம் என்று அதே போனுக்கு அதே கம்பெனி செய்தி அனுப்பப் போகிறது, அதையும் இவர் மகன் எழுதியதாகத்தான் படிக்கப் போகிறார்.

மறுபடியும் ஒன்றை அழுத்தினேன். மறுபடியும் பாட்டு. இந்தத் தடவை ஒரு பையன். புகாரை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன். "எதுக்கு மேம்? சூப்பரா போயிட்டிருக்கு. நாளைக்கே மெசேஜ் போயிடும்" என்றான். ஒருவர் வேண்டாம் என்று கெஞ்சும் காரியத்தைத்தான் இவர்கள் இத்தனை சுறுசுறுப்பாகச் செய்வார்கள் போலிருக்கிறது.

"காரணம் போடணும் மேம். பிரச்சினை தீர்ந்துச்சுன்னு போடட்டுமா?"

"தீரலையே."

"தப்பான புகார்?"

"புகார் சரிதான்."

"அப்ப உங்களுக்கு என்னதான் மேம் பிரச்சினை?"

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் மணி கேட்கவே யோசிக்கிற நான், முகம் தெரியாத அந்தப் பையனிடம் பூனையிலிருந்து ஆரம்பித்து, உன் பிறந்தநாள் பரிசு, மாஸ்டர், அவர் மகன், இண்டிகேட்டர், ஒன்றில் சுற்றும் மின்விசிறி வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அத்தனையும் பதிவாகியிருக்கிறது. தர மேம்பாட்டுக்காகவாம். "லைன்லயே இருங்க மேம்" என்றான். பாட்டு. அடுத்த அறையிலிருந்து உன் மாமாவும் கூடவே பாடினார். பிறகு அவனுடைய மேலதிகாரி, ஒரு பெண், வந்தாள்.

"மேம், அந்தப் பையன் நடுரோட்ல இறங்கிப் போனானே, அதுக்கப்புறம் காரை யாரு ஓட்டிட்டு வந்தாங்க?"

"விசாரணைக்காகக் கேக்கறீங்களா?"

"இல்ல மேம், சும்மாதான். எங்க வீட்டுக்காரரும் பக்கத்து ஸீட்டுதான்." கொஞ்ச நேரம் விசைப்பலகை சத்தம் கேட்டது. "சிஸ்டத்துல புகாரை அழிக்க வழியில்ல மேம். ஆனா, விசாரிக்கப் போனப்ப வீடு பூட்டியிருந்ததுன்னு போட்டா தானா மூடிக்கும்."

"நான் வீட்லதானே இருக்கேன்?"

"தெரியும் மேம். எல்லாரும் எப்பவும் வீட்லதான் இருப்பாங்க."

ஆக, நான் வீட்டில் இல்லை என்று எழுதி முடித்தாயிற்று. இனி நீ செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, அதாவது எதையும் மாற்றாமல் இருக்க வேண்டும். என் பில்லை முன்போல நானே கட்டிக்கொள்கிறேன். பொய்க்குத் துணை போகிறாயே அக்கா என்று கேட்பாய். யோசிக்காமல் இதைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு மகன் குறைவான். சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் குறையாது, உன் கணக்கில் கொஞ்சத்தைத் தவிர. மகனுக்குத் தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். தெரிய வழியே இல்லை. இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் முழுப் பலம்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உன் மனைவி உன்னைச் சந்தேகிப்பதைக் கைவிடாமல் நீடூழி வாழட்டும். உனக்கு நல்ல ஆரோக்கியமும், எண்களைப் படத்தில் பார்க்காமல் ஆளிடம் கேட்டு எழுதும் புத்தியும் கிடைக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: மேலே எழுதியதை அழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். இவ்வளவு நல்ல வாதத்தை அழிக்க மனம் வரவில்லை. அனுப்பப் போகும் நேரத்தில் மாஸ்டர் மேலே வந்து கதவைத் தட்டினார். பில் கட்டியதற்குச் சந்தோஷம் என்று மகனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு அவன் கூப்பிட்டிருக்கிறான். "நல்லாத் திட்டினான் டீச்சரம்மா. 'நான் ஒருத்தன் உயிரோட இருக்கறப்ப எவன்ப்பா உனக்கு பில் கட்டறது? அவனை யாரு கட்டச் சொன்னது?'ன்னு ஒரே சத்தம். குறுக்க நான் ஒரு வார்த்தை பேசலீங்க. பேசினா வெச்சிடுவானோன்னு" என்றார். சொல்லும்போது மூச்சு வாங்கியது. மகன் கட்டவில்லை என்பதில் அவருக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. இனி அவன்தான் கட்டப் போகிறானாம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, அந்த ஆள் யார் என்று கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்காமல் போகமாட்டானாம். ஆகவே உடனே நிறுத்து. நிறுத்திய கையோடு என் பில்லைக் கட்டு. இணைப்பு எண்ணை உன் மனைவிக்கு அனுப்பிவிட்டேன். அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்த்தபிறகு, கட்டுகிறவன் கட்டிவிட்டுப் போகட்டும், நாம் எதற்குத் தடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் பண்ணாதே. அன்றைக்கு யார் கேட்டாலும் எனக்குத் தம்பியே கிடையாது.