சூசைமாணிக்கத்தின் நாலு சக்கர பைக் தேர்வு பெற்ற வரலாறு

சூரியன் மேற்கே உதித்தாலும் உதிக்கலாம். நரிப்பாறை மேட்டு வாகனத் தகுதிச் சோதனைத் திடலின் தீர்ப்பு மட்டும் மாறவே மாறாது. திண்டுக்கல்லுக்கு வெளியே, புளியமரங்களுக்கு நடுவில் இருந்த அந்தப் புண்ணிய பூமியில் பதினொரு வருடங்களாக ஒரு வண்டிகூடத் தோற்றதில்லை. எந்தப் பள்ளிக்கூடம் இப்படி நூற்றுக்கு நூறு காட்டியிருக்கிறது? கதவில்லாத வேன் தேறியிருக்கிறது. கயிறு கட்டி இழுத்து வந்த லாரி தேறியிருக்கிறது. ஒருமுறை, வராத டிராக்டரே தேறியிருக்கிறது. அதன் சொந்தக்காரர் காய்ச்சலில் படுத்திருந்ததால் அதைக் 'கருணை அடிப்படையில் பரிசீலித்தார்கள்'.

அப்பேர்ப்பட்ட இடத்துக்கு 2003 தை மாதத்தில் சிறுமலை சூசைமாணிக்கம் தன் நாலு சக்கர பைக்கில் வந்து சேர்ந்தான். வந்தவன் மனதில் ஒரு கெட்ட எண்ணம் இருந்தது. வண்டியை உண்மையாகவே சோதித்துப் பார்க்கும்படி கேட்க நினைத்திருந்தான்.

அது பைக் மாதிரி ஹேண்டில்பாரும் ஜீப் மாதிரி நாலு சக்கரமும் கொண்ட வண்டி. மலையில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் 1988இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, முறைப்படி நம்பரும் வாங்கி, இடுப்பு வலி வந்ததும் சூசைமாணிக்கத்திடம் தள்ளிவிட்டுப் போனார். பதினைந்து வருடம் முடிந்துவிட்டதால் இப்போது தகுதிச் சான்று வாங்கினால்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். வண்டி நாள் முழுக்க மலைவாழைத் தார் சுமந்தது. அதற்கு முன், காலை ஆறு மணிக்கு, அவன் மகள் ஜெஸ்ஸியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கியது. அவள் டவுனில் பிளஸ் டூ படித்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் இரண்டு பாடம் போய்விடும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஏழாவது வளைவில் பிரேக்கைப் பிடித்தான். வண்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் நின்றது. முன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தது. ஜெஸ்ஸி அப்பன் சட்டையைப் பிடித்த கையைப் பள்ளிக்கூட வாசல் வரை எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே சூசைமாணிக்கம் வண்டியைப் பட்டறையில் விட்டான்.

மெக்கானிக் முனீர் இரண்டு நாள் கழற்றிப் போட்டுப் பார்த்தான். "அண்ணே, இந்த மாதிரி வண்டிய நான் கண்டதேயில்ல. பிரேக்கு இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. கவர்மெண்டுல படிச்ச ஆளு இருப்பாக. அவுக பாத்து இன்ன இடத்துல கோளாறுன்னு எழுதிக் குடுத்தா, மெட்ராசுக்குச் சொல்லி சாமான் வரவழைச்சுரலாம்" என்றான்.

அந்தப் படித்த ஆளைத் தேடித்தான் சூசைமாணிக்கம் வந்தது.

திடலின் வாசலில் 'வாகன நல ஆலோசகர்' ஞானதாஸ் கடை விரித்திருந்தார். நாலு புது டயர், இரண்டு ஹெட்லைட், ஒரு முதலுதவிப் பெட்டி, எல்லாம் சோதனை முடியும் வரை வாடகைக்கு. காலையில் ஒரு வேனில் மாட்டியது மத்தியானம் இன்னொரு வேனில் இருக்கும். அந்த முதலுதவிப் பெட்டி இதுவரை மூவாயிரம் வண்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு மனுஷனுக்கும் துளி பஞ்சு கொடுத்ததில்லை.

"என்னப்பு வேணும்? டயரா, லைட்டா?"

"ஒண்ணும் வேணாம்ணே. பிரேக்கச் சோதிச்சுப் பாக்கணும்."

ஞானதாஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவாப் பேசுப்பு. நாலு பேரு காதுல விழுந்தா என்ன நினைப்பாக? ஆபீசர் மேல ஏதும் கோவமா?"

"கோவம் என்னண்ணே கோவம்? பொம்பளப்பிள்ள பின்னால உக்காந்து வருது."

"பின்னால உக்காந்துருக்க பிள்ளைக்கு பிரேக்கப் பத்தி என்ன தெரியப்போகுது?" என்றார் ஆலோசகர்.

சோதனை அதிகாரி தங்கமுத்து புளியமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கடமையில் சூரர். அன்று வரப்போகும் அத்தனை வண்டிகளுக்கும் 'ஓட்டிப் பார்த்தேன், திருப்தி' என்று காலையிலேயே எழுதி முடித்திருந்தார்.

"சார், பெயில் ஆனாலும் பரவால்ல. எங்க கோளாறுன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

தங்கமுத்துவின் பேனா நின்றது. "பெயிலா? யோவ், பதினோரு வருஷ ரெக்கார்டுய்யா. உன் ஒரு வண்டிக்காக டிபார்ட்மெண்டே தலை குனியணுமா?"

"பிரேக்கு பிடிக்கல சார்."

"அது உன் சொந்த அபிப்பிராயம். ஃபாரத்துல பிரேக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. டிக் போடத்தான் இடம் விட்டிருக்கான். பிடிக்கலைன்னா எங்கய்யா எழுதுறது?"

சூசைமாணிக்கம் நகரவில்லை. பின்னால் வரிசை முனகியது. வேறு வழியின்றி, திடலின் வரலாற்றில் முதல் முறையாக ஒரு சோதனைக்கு உத்தரவாயிற்று. வண்டி நிற்க வேண்டிய இடத்தில் கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. அதற்கான விண்ணப்பம் மூன்று வருடமாக 'மேல்நடவடிக்கையில்' இருந்தது. ஞானதாஸ் தன் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

"இந்தப் பழத்துக்கு முன்னால வண்டி நிக்கணும். அம்புட்டுத்தான்" என்றார் அதிகாரி.

சூசைமாணிக்கம் ஓட்டி வந்தான். இருபது அடிக்கு முன்னாலேயே பிரேக்கைப் பிடித்தான். வண்டி யோசித்தது. யோசித்தபடியே பழத்தைச் சப்பென்று நசுக்கிக் கடந்து, முள்வேலி ஓரம் போய் நின்றது.

அவனுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கோளாறு ஊரறிய வெட்டவெளிச்சமாகிவிட்டது! நிமிர்ந்து பார்த்தான். திடலே கைதட்டியது. ஞானதாஸ் சூடம் கொளுத்தினார்.

"பழம் ஒரே நசுக்குல போயிருச்சு சார்! இருந்த திஷ்டியெல்லாம் கழிஞ்சுச்சு!"

"இம்புட்டுச் சுத்தமா நசுங்கி நான் பாத்ததேயில்ல" என்று தங்கமுத்து சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பழகிய கை, தானாகவே சான்றிதழில் முத்திரையைக் குத்தியது.

"சார், பழத்துக்கு முன்னால நிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொன்னேன். சாமி வேற மாதிரி சொல்லிருச்சு. சாமிக்கு மேல நான் அப்பீலுக்குப் போக முடியுமாய்யா?"

சூசைமாணிக்கம் ஞாயிறு பூசை தவறாதவன்தான். ஆனால் வண்டி வாங்கின அன்று அவனும் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து ஏற்றியவன்.

தங்கமுத்து கடிகாரத்தைப் பார்த்துப் பரபரப்பாக எழுந்தார். சாலைப் பாதுகாப்பு வாரம். சிறுமலைப் பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அவர்தான் பேச வேண்டும். அலுவலக ஜீப்போ, போன வாரம் தேர்வு பெற்ற களைப்பில் கிளம்ப மறுத்தது.

சூசைமாணிக்கம் வண்டியைத் திருப்பி அவர் முன்னால் நிறுத்தினான். "பின்னால உக்காருங்க சார். நானே கொண்டுபோயி விட்டு, சாயங்காலம் இறக்கிக் கொண்டாந்து விட்டுர்றேன்."

அதிகாரி வண்டியைப் பார்த்தார். தூரத்தில் மலையைப் பார்த்தார். "வேணாம்ப்பா. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. நான் பஸ்ஸுலயே வாரேன்."

"அப்ப நாளைக்குக் காலையில எம்புள்ளைய இதுல வச்சு நான் எப்படி சார் இறங்குறது?"

தங்கமுத்து சான்றிதழை நாலாக மடித்து, அவன் சட்டைப் பையில் பாசத்தோடு செருகித் தட்டிக் கொடுத்தார்.

"தைரியமா இறங்கு. இந்தத் தாளு இருக்கிற வரைக்கும், நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிட்டாலும், ஆபீசுல வண்டியச் சரியாப் பாக்காம விட்டுட்டாகன்னு ஒரு பய சொல்ல முடியாது. குத்தமெல்லாம் உன் மேலதான்."