ஆம்பூரில் முளைக்க மறுத்த வலோனியா ஓக்

ஆம்பூர்.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர் ஜேக்கப் அவர்களுக்கு இன்பராஜ் எழுதுவது. தேவ கிருபையால் நான் இங்கே சுகம். உன் அக்கா டோரதி சுகமா என்பது, ராணிப்பேட்டையில் தன் தங்கை வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிற அவள் போனை எடுத்தால்தான் தெரியும். எல்லாம் நீ துருக்கியிலிருந்து அனுப்பிய ஓக் கொட்டையால் வந்த வினை.

தோல் பதனிட மூட்டை மூட்டையாக இங்கே இறங்குகிற வலோனியா பொடி, இந்த மரத்துக் கொட்டையின் தொப்பியை அரைத்துச் செய்வது என்று எனக்கே பாடம் எடுத்தாய். ஞாயிறு பிரசங்கத்தில் கேட்கிற பைபிள் கர்வாலி மரத்துக்குச் சொந்தம் என்றாய். துருக்கி, கிரேக்கம், இத்தாலியின் தெற்கு முனை, இந்தப் பக்கம் சிரியா, லெபனான் வரை அதன் ஊர் என்றாய். அவ்வளவு தூரம் வந்த மரத்துக்கு ஆம்பூர் வர மட்டும் என்ன கசக்கிறதா? மண் சரியில்லையா, தண்ணீர் சரியில்லையா? நாங்கள் எல்லாம் இங்கே வளரவில்லையா? உன் பேச்சை நம்பி, வாசலில் இருந்த வேப்பமரத்தை வெட்டி இடம் பண்ணினேன். அந்த நிழலில் உட்கார்ந்துதான் உன் அக்கா ஷூவுக்குக் கைத்தையல் போடுவாள் என்பது மரம் விழுந்த பிறகுதான் என் புத்திக்கு எட்டியது. "இன்னா மனுஷன்யா நீ? அந்தக் கொட்டை மொளைக்கட்டும், அப்புறம் வர்றேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து வீட்டு முபஷ்ஷிரா தினமும் வெயிலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "அங்கிள், உங்க துருக்கி மரத்து நெழல் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்கிறாள். எனக்குப் பேஜாராகிவிட்டது, ஜேக்கப். வீட்டில் காபி போடக்கூட ஆளில்லை, அவள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. ஆகவே நீயே அக்காவைக் கூப்பிட்டு, "மாமா மேல தப்பில்ல, நான் அனுப்பின வெதைதான் சொத்தை" என்று ஒப்புக்கொள். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு இந்த வாசலை மிதிக்காதே.

உனக்கும் பிள்ளைகளுக்கும் சமாதானமும் நல்ல சுகமும் உண்டாக ஜெபிக்கும், கோபம் தீராத,
உன் மாமா இன்பராஜ்.

பின்குறிப்பு: வழியில் விதை கெட்டிருக்கும் என்று சாக்குச் சொல்லாதே. பச்சைத்தோல் குடோனில் தலை நரைத்தவன் நான். பார்சலைப் பிரித்த கையோடு, தோல் கெடாமலிருக்கச் செய்வதுபோலவே கல்லுப்பு போட்டு எல்லாப் பக்கமும் நன்றாகத் தேய்த்து, ஈரம் வடிய அடுக்கி வைத்து, அந்த உப்போடுதான் குழியில் வைத்தேன். இன்று காலை தோண்டிப் பார்த்தேன், ஒரு கொட்டைகூட அழுகவில்லை. இதற்கு மேல் நான் என்ன பண்ணுவது?