மடிப்புக் கலையாத பேய்

குடும்பத்தோடு இருப்பதன் பெரிய நன்மை, வெளியே புறப்படும்போது வாசலில் ஒருவர் நம்மை மேலும் கீழும் பார்ப்பதுதான். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதியில் தனியாக இருக்கும் எனக்கு அந்த வசதி இல்லை.

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கில மாயக்கதைகள் என்றால் எனக்குப் பைத்தியம். கழுத்தை இறுக்கும் கொலரும் நிலக்கரிப் புகையுமாக வாழ்ந்த அந்த மனிதர்களுக்கு, பேசும் மிருகங்களும் நிலத்தடி ராச்சியங்களும் எங்கிருந்து தோன்றின? இந்தக் கேள்வியை நாட்குறிப்பில் பலமுறை எழுதியிருக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

ஆகவே, பக்கத்து நூலகத்தில் அந்தக் கதைகளுக்கென்றே ஒரு மாலை வாசகர் கூட்டம் நடக்கப்போகிறது என்று அறிந்ததும் பெயர் கொடுத்தேன். அங்கே வேலை செய்யும் பெண் தொலைபேசியில் பிரெஞ்சில் சொன்னார்: விரும்பினால் 'ஃபே' வேடத்தில் வரலாம்.

என் காதில் அது 'பேய்' என்று விழுந்தது. பிரெஞ்சுக்காரரும் பேயைப் பேய் என்றுதான் சொல்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனேன். (மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்த திமிர்.) வெள்ளைக் கட்டில் விரிப்பை அயர்ன் செய்து, மூக்குக்கண்ணாடியை வைத்து அளந்து, கண்களுக்கு இரண்டு வட்டம் வெட்டினேன். நூலகக் கழிப்பறையில் அதைப் போர்த்திக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன்.

எல்லோரும் மெல்லிய சிறகு கட்டியிருந்தார்கள். தலையில் பூ, கையில் மந்திரக்கோல். 'ஃபே' என்றால் தேவதை என்பது அப்போதுதான் விளங்கியது.

"நீங்கள் எந்தத் தேவதை?" என்று ஓர் அம்மா கனிவாகக் கேட்டார்.

தெரிந்த பிரெஞ்சில், "செத்த தேவதை" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். என் நாட்குறிப்புக் கேள்வியை இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். விரிப்பைத் தாண்டி அது வெளியே போகவில்லை. (கழற்றியிருக்கலாமே என்பீர்கள். கழற்றினால் உள்ளே இருப்பது யாரென்று தெரிந்துவிடுமே.) விரிப்பின் மடிப்பு மட்டும் கடைசிவரை கலையவில்லை.

ஞாயிறன்று, ஆற்றுக்கு அக்கரையில், புரோசார்ட்டில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவள் 'கார்டெரி' எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். மூச்சு முட்டச் சிரித்தாள்.

"அண்ணை, எங்கடை கார்டெரிப் பிள்ளையளுக்கே 'ஃபே' எண்டால் தெரியும். ஆரையும் ஒருக்காக் கேட்டிருக்கலாம்தானே?"

"ஆரைக் கேக்கிறது?"

சிரிப்பு நின்றது.

"இனி எங்கை வெளிக்கிட்டாலும் எனக்கு வீடியோவில காட்டிப்போட்டுத்தான் போறது. ஓமோ?"

அன்றிலிருந்து அவள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் பேய் மாமா. கலியாணமோ, பல் வைத்தியரோ, எங்கே போவதென்றாலும் தொலைபேசியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒருமுறை சுற்றிக் காட்டுகிறேன். "மாமா, சிறகு எங்கை?" என்று பின்னாலிருந்து குரல் வரும். "சரி, போயிட்டு வாங்கோ" என்று தங்கை சொன்ன பிறகே கதவைப் பூட்டுகிறேன்.

எங்கும் போகாத நாட்களிலும், சிலவேளை சட்டை மாற்றிக்கொண்டு அழைப்பதுண்டு.