வாள் உறைக்குள் போகும்வரை பேசக்கூடாது

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் அக்காவும் நலம் என்றே சொல்கிறாள். சொல்வதை அப்படியே நம்பி எழுதும் பழக்கம் எனக்கு இல்லாததால், பார்த்தவரையில் நலம் என்று திருத்திக்கொள்ளவும். தங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன், மேல்விசாரணைக்கு உட்பட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் பிறந்தநாளுக்கு ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினீர்களே, எல்லா வினையும் அதில்தான். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்திநாலு வருஷம் தீ விபத்து சர்வேயராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். நெருப்பில்லாமல் புகையாது என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, எனக்கு அதுதான் பிழைப்பு. எரிந்த கிடங்குகளில் முழங்கால் சாம்பலில் நின்று, இது தானாகப் பிடித்த தீயா, யாராவது வைத்த தீயா என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஊர் ஊராக லாட்ஜில் படுத்தவன். ரிடையராகி வீட்டோடு இருக்கலாம் என்று வந்தால், சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் உங்கள் அக்கா தையல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஆறு மணிக்கு வெளியே வருகிறாள், கண் சிவந்திருக்கிறது. என்ன என்று கேட்டால் "தூசி" என்கிறாள். தினமும் ஐந்திலிருந்து ஆறு வரைக்கும் மட்டும் விழுகிற தூசி உலகத்தில் உண்டா, நீங்களே சொல்லுங்கள். மூன்று மாசம் பொறுத்தேன். ஒரு நாள் கதவில் காதை வைத்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே மழைச் சத்தம். அப்புறம் இரும்பை உருவுகிற மாதிரி சர்ரென்று ஒரு சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போனால், பொம்மைப் படம் மாப்பிள்ளை! ஜப்பான்காரர்கள் வரைந்த சாமுராய் அனிமேயாம். தொடராம், பதின்மூன்று பாகமாம். பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இது என்ன என்று கேட்டால், "தம்பிதான் பாக்கச் சொன்னான்" என்று பழியை உங்கள் தலையில் போட்டுவிட்டாள். ஆகவே இந்தக் கேஸில் முதல் குற்றவாளி நீங்கள். "வேணும்னா உக்காருங்க. ஆனா ஒரு கண்டிஷன். அவன் வாள உருவிட்டான்னா திரும்ப உறைக்குள்ள போடற வரைக்கும் வாயத் தொறக்கக்கூடாது" என்றாள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் பாகத்தை ஓடவிட்டாள். கவனியுங்கள், முதல் பாகம்! மூன்று மாசமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறவள், நான் போன அன்றைக்கு முதல் பாகத்தில் இருக்கிறாள் என்றால், அதுவரைக்கும் என்னத்தைப் பார்த்தாள்? கேட்டேன். "பேசாம பாருங்க" என்றாள். அப்போது வாள் உறைக்குள்ளேதான் இருந்தது.

சந்தேகத்தோடுதான் பார்த்தேன். எஜமானை இழந்த ஒரு வாள்காரன்; அந்த எஜமானை ஒரு விடுதியோடு எரித்தது யார் என்று தேடிக்கொண்டு போகிறான்; ஆற்றுப் பக்கத்துப் படகோட்டி ஒருவன் சிரித்துப் பேசிக்கொண்டு துணைக்கு வருகிறான்; அவ்வளவுதான் கதை. நாலு தலை உருளும், சின்னப் பிள்ளைச் சமாச்சாரம் என்று நினைத்தேன். மூன்று பாகம் ஆகியும் அந்த மகானுபாவன் வாளையே தொடவில்லை. இதோ எடுக்கிறான், இதோ எடுக்கிறான் என்று நமக்குத்தான் கை பரபரக்கிறது. நாலாம் பாகத்தில் ஒரே வீச்சு. அப்புறம் பாதிப் பாகத்துக்கு அவன் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறான், சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். வெட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறவனாக இருந்தால் அன்றைக்கே எழுந்து வந்திருப்பேன். இரண்டாம் பாகத்தில் அவனுடைய செருப்பு வார் அறுந்து ஒரு முடிச்சுப் போட்டான். ஆறாம் பாகத்திலும் அதே காலில், அதே இடத்தில் அந்த முடிச்சு இருக்கிறது. பொய் சொல்கிறவன் பெரிய விஷயத்தில் மாட்டமாட்டான், இந்த மாதிரி முடிச்சில்தான் மாட்டுவான். நான் பிடித்தவர்கள் எல்லோரும் இப்படிப் பிடிபட்டவர்கள்தான். இந்தப் படக்காரர்களை மட்டும் ஒரு இடத்திலும் பிடிக்க முடியவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அதைவிடச் சந்தேகம் உங்கள் அக்கா மேல். சண்டை வரும் என்று ஈ காக்காய்க்குத் தெரியாதபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராகிறாள். படகோட்டி சிரித்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். திடுக்கிடுகிற இடத்தில் நான் நாற்காலியோடு பின்னால் போகிறேன், அவள் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதற்குப் பார்க்க வேண்டும்?

ஆறாம் பாகத்தில் வந்தது வினை. எரிந்த விடுதிக்கு வாள்காரன் போகிறான். விளக்கு சாய்ந்து பிடித்த தீ என்று எல்லோரும் சாதிக்கிறார்கள். எதிரி ஒருவன் பாய, இவன் வாளை உருவ, அந்தச் சந்தடியில் பின்னால் சுவரைக் காட்டினார்கள். கரி, கீழே குறுகி மேலே போகப் போக விரிந்து, தலைகீழாக நிறுத்திய கூம்பு மாதிரி. தீ ஆரம்பித்த இடத்துச் சுவர் அப்படித்தான் கறுக்கும், அதைச் சரியாக வரைந்திருக்கிறான் அந்தப் புண்ணியவான். அதுவும் ஒரு இடத்தில் இல்லை, தள்ளித் தள்ளி மூன்று இடத்தில்! ஒரு விளக்கு எப்படி ஐயா மூன்று இடத்தில் சாயும்? நான் எழுந்து நின்று, "வச்ச தீ! இது வச்ச தீதான்! எவனோ கூட இருக்கிறவன்!" என்று கத்திவிட்டேன். வாள் வெளியே இருந்தது.

அவள் படத்தை நிறுத்தினாள். "ஒரு வாரத்துக்கு நீங்க இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது."

"நான் சொன்னது சரியா இல்லையா?"

"சரியா தப்பான்னு இப்ப உங்கள யார் கேட்டா?"

இன்று ஐந்தாம் நாள். ஐந்து மணிக்கு உள்ளே போகிறாள். காதை வைத்தால் மழையும் இல்லை, வாளும் இல்லை, தையல் மிஷின் சத்தம் மட்டும் கடகடவென்று கேட்கிறது. எதை மறைப்பதற்கு அந்தச் சத்தம்? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. சர்வீஸில் இருந்தவரை அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்ததுகூட எனக்குப் போனில் வந்த சேதிதான். சேர்ந்தாற்போல ஆறு சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது, கல்யாணமான பிறகு இதுதான் முதல் தடவை. அந்த நாற்காலி போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு வேறு இடம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. இது நிஜம், இதற்கு மேல்விசாரணை வேண்டாம்.

ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அக்காவிடம் பக்குவமாகப் பேசி, அந்த டேப்லெட்டை வாங்கிக்கொண்டு போய்விடவும். அது இல்லையென்றால் அவள் கூடத்தில் வந்து என்னோடு உட்கார்ந்துதானே ஆகவேண்டும்? பொறுப்புள்ள மனிதன் பார்ப்பதற்கு அந்தப் படத்தில் ஒன்றும் இல்லை. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. யார் பெரியவர், யார் சின்னவர் என்பதை நீங்களே பிரித்துக் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: மேலே உள்ளதை எழுதி போஸ்ட் பண்ணாமல் வைத்திருந்தேன். முந்தாநாளோடு தண்டனை முடிந்து, நேற்று நாற்காலி திரும்பக் கிடைத்துவிட்டது. ஆகவே நீங்கள் வரவேண்டாம்; வந்தாலும் ஐந்திலிருந்து ஆறு வரை வரவேண்டாம்; டேப்லெட்டைத் தொடவே வேண்டாம். ஒரே ஒரு சிக்கல். தண்டனை நாட்களில் அவள் காலை நடைக்குப் போன நேரம் பார்த்து, தினம் ஒன்றாக மிச்சம் ஏழு பாகத்தையும் நான் பார்த்து முடித்துவிட்டேன். தீ வைத்தவன் படகோட்டி! அவன் சாகிறபோது எனக்கே தாங்கவில்லை. இனி ஆறு சாயங்காலம் ஒன்றுமே தெரியாதவன் மாதிரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து திடுக்கிட வேண்டும். தெரிந்தால் தொலைந்தேன். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடவும். கவரை ஒட்டி, மேலே டேப்பும் போட்டு, போஸ்ட் பண்ணச் சொல்லி அக்கா கையிலேயே கொடுக்கிறேன். அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது பாருங்கள்.

தம்பி, அக்கா எழுதுறேன். டேப் போட்டு ஒட்டின கவர்னாலே உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம், இவர்கிட்ட கத்துக்கிட்டதுதான். நேத்து ஏழாம் பாகத்துல படகோட்டி வந்து நின்ன உடனே இவர் கைக்குட்டைய எடுத்துட்டார். அவன் அப்ப சிரிச்சுக்கிட்டு இருந்தான். எனக்கு அங்கேயே புரிஞ்சுபோச்சு, நான் ஒண்ணும் கேக்கல. மூணு மாசத்துல நான் ஆறு தடவ முழுசா பாத்து முடிச்ச படம்தான் அது. இவரா வந்து உக்காந்தாரேன்னு முதல்லேருந்து போட்டேன். அந்த ஒரு வாரமும் உள்ள தலையணை உறைதான் தைச்சேன், ஏழு உறை ஆச்சு. நீ எதையும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. இன்னும் ஆறு பாகம்தான் இருக்கு. அதுக்கப்புறம் பாக்க, இதே மாதிரி நல்லதா, அம்பது பாகத்துக்குக் குறையாம ஒண்ணு இருந்தா எழுது. இந்தத் தடவ ரெண்டு பேருமே பாக்காததா இருக்கட்டும்.